கழுவிய ஐந்து மூட்டைகள்

என் தம்பி அமிர்தலிங்கம் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் முதலில் அதை நக்கிப் பார்ப்பான். ஈரம் பட்டால்தான் கல்லின் உள்நிறம் தெரியும் என்பான். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அவனுக்குக் ‘கல்லுநக்கி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பகாங் மலைமேல், கோலா தெர்லா கடை வரிசையில் அமிர்தலிங்கம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கல்லுநக்கி வீடு என்றால் காய்கறி லாரியில் கூடை ஏற்றுகிறவன்கூடக் கையை நீட்டிக் காட்டுவான்.

பெயர் வைத்தவர்களுக்கு அவன் என்ன வேலை செய்தான் என்று தெரியாது. பொய் சொன்னான், அதனால் வேலை போயிற்று என்று இன்றும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தப்பு. நடந்ததை நடந்த தேதியோடு எழுதுகிறேன். எனக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் தேதி எனக்கு மறக்காது.

எங்கள் அப்பா கவாத்து வெட்டியவர். நான் 1949இல் பிறந்தேன், தம்பி 1957இல். அம்மா வேலாயி 1968இல் காலமானபோது அவனுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டது, சட்டை துவைத்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் அதே லயத்தில் ஆறு வீடு தள்ளித்தான் இருந்தேன், அதனால் அவனும் என்னோடு வந்துவிட்டான். தானா ராத்தாவில் மூன்றாம் பாரம் வரை படித்தான். பூகோளத்தில் எண்பத்தொன்று. கணக்கில் தவறிவிட்டான். பூகோள மார்க்கை லயம் முழுக்கச் சொன்னேன். கணக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரீட்சை போன பிறகு அவன் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலைக்குப் போனான். முதுகில் மருந்துத் தொட்டியோடு ஏழு வருஷம். சாயங்காலம் வந்தால் கண் சிவந்து கிடக்கும்.

நான், நீலாவதி, தேயிலை பேக்டரியில் குச்சி பொறுக்குகிறவள். காய்ந்த தேயிலையை மேசையில் பரப்புவார்கள். அதில் கிடக்கும் குச்சி, நார், சின்னக் கல் எல்லாவற்றையும் விரலால் பொறுக்கி எடுக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் என் தட்டு ஒரு முறைகூடத் திரும்பி வந்ததில்லை. அதற்கு முன்னால் கொழுந்து எடுத்த காலத்திலும் அப்படித்தான். நிறுவைக்கு மூட்டையைக் கொண்டுபோனால் கணக்கு எழுதும் கிராணி முழங்கை வரை உள்ளே கையை விடுவார். முற்றல் இலையோ, மண்ணோ, ஈரமோ கையில் பட்டால் எடையில் கழித்துவிடுவார். சில நாள் மூட்டையையே கவிழ்த்துவிடுவார். அதனால் ஒரு மூட்டை நம் கையை விட்டுப் போகிறது என்றால் சுத்தமாகப் போக வேண்டும். இதை யாரும் எங்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1979இல் உலகம் முழுக்கத் தங்கத்தின் விலை ஏறியது. தாலி செய்யக் காசு சேர்த்து வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் ஈப்போவில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனி தங்கம் தேடி எங்கள் பக்கம் வந்தது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. அதன் கல் ஆராய்ச்சிக்காரர் மிஸ்டர் ஓங் என்ற சீனர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். பிரிஞ்சாங்கில் அபூபக்கர் பாய் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, மேசை முழுக்கக் கல்லைப் பரப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்தாராம். தம்பி அன்று சம்பளம் வாங்கி ரொட்டி சாப்பிடப் போயிருந்தான். ரொட்டி வருவதற்குள் ஒரு கல்லை எடுத்து நக்கிவிட்டான்.

அபூபக்கர் பாய் இதை எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். “ஒரு வெள்ளிக் காசு குடுத்து வாங்குற ரொட்டிக்குக் காத்துக்கிட்டு இருக்கிறவன் கல்லை நக்குறானே, இவ்வளவு பசியா தம்பிக்குன்னு நெனச்சேன் தங்கச்சி. அந்த சீனவரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு.”

தம்பி மலாயில் சொல்லியிருக்கிறான், இந்தக் கல் எங்கள் மலையுடையது, உப்பும் மிளகும் கொட்டின மாதிரி இருக்கிறது. அந்தக் கறுப்புக் கல் இங்கே கிடையாது, கீழே ஆற்றோடு இரண்டு நாள் நடந்தால்தான் கிடைக்கும் என்று. எப்படித் தெரியும் என்று ஓங் கேட்டார். மீன் பிடிக்கப் போவேன் என்றான். மறு வாரமே மூட்டை தூக்கும் ஆளாக அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். மருந்துத் தொட்டியை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்த நாள் செப்டம்பர் 3, திங்கட்கிழமை.

அவர்கள் முகாம் தெலோம் ஆற்றின் கீழ்ப்பக்கம், காட்டுக்குள். மூன்று வாரம் அங்கே இருப்பான், ஒரு வாரம் வீட்டில் இருப்பான். தேங்காய் நாரால் தேய்த்தாலும் போகாத சேறு அவன் நகக்கண்ணில் இருந்தது. ஆனால் மருந்துச் சிவப்பு போய்க் கண் வெள்ளையாகிவிட்டது. மரத் தட்டு ஒன்று கொண்டு வந்து காட்டினான். டூலாங் என்று பெயர், நடுவில் குழிந்திருக்கும். ஓடை மணலை அதில் அள்ளித் தண்ணீரில் சுற்றிச் சுற்றிக் கழுவினால் லேசான மணல் வெளியே போய்விடும், கனமானது குழியில் நிற்கும். எங்கள் லயத்துக் குழாயடியில் உட்கார்ந்து அரிசி களைகிற மாதிரி கழுவிக் காட்டினான். குழியில் கொஞ்சம் கறுப்புப் பொடி நின்றது.

“இதுதான் தங்கமா?” என்றேன்.

“இது வெறும் கறுப்பு மணலு அக்கா. இங்க தங்கம் வராது. நாம குந்தியிருக்கிறது கருங்கல்லு மேல. மலைக்கு அந்தாண்ட, ஈப்போ பக்கம், ஈயம். இந்தாண்ட, லிப்பிஸ் பக்கம், தங்கம்.”

“நடுவுல நமக்கு என்னா?”

“தேத்தண்ணி.”

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். கிளந்தானிலிருந்து லிப்பிஸ், ரவூப் வழியாகத் தெற்கே வரைக்கும் நாட்டின் நடுவில் பெல்ட் கட்டிய மாதிரி ஒரு பட்டை. அதில் சிலேட்டுப் பலகை போல ஏடு ஏடாகப் பிரியும் கறுப்புக் கல். எங்கள் மலையின் கருங்கல் ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் தீயாகக் கிடந்தது. அந்தச் சமயத்தில் சூடான நீர் கறுப்புக் கல்லின் வெடிப்புகளில் ஏறி, ஆறி, வெள்ளை வெங்கச்சங்கல்லாக உறைந்தது. கூடவே தங்கமும் வந்து தங்கிவிட்டது. “உலை கொதிச்சு மூடி இடுக்குல நுரை வந்து காஞ்சு போவுதில்ல, அது மாதிரி அக்கா” என்றான். பூகோளத்தில் எண்பத்தொன்று சும்மா வரவில்லை.

1980 மே மாதம் லீவில் அவன் வீட்டுக்கு வராமல் ரவூப் போனான். பஸ்ஸில் மலை இறங்கி, தாப்பா போய், கோலாலம்பூர் போய், அங்கிருந்து திரும்பவும் பகாங்குக்குள் ஏற வேண்டும். நம் மாநிலத்து ஊருக்கு இரண்டு மாநிலம் சுற்றிப் போனான். அங்கே 1889இல் ஒரு ஆஸ்திரேலியக் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. ஆற்றுத் தண்ணீரிலிருந்து கரண்டு எடுத்து அதில் இயந்திரம் ஓட்டினார்கள், அப்போது கோலாலம்பூரிலேயே பல தெருவுக்கு விளக்கு இல்லை. எழுபது வருஷம் தோண்டி, 1961இல் கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டார்கள். புக்கிட் கோமானில் தண்ணீர் நிரம்பிய சுரங்க வாயையும், அரைத்துக் கொட்டிய மண் மேட்டையும் பார்த்துவிட்டு வந்தான். மூடின சுரங்கத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“மூடினது காசு தீர்ந்ததால மாமா. கல்லு தீரல” என்றான்.

அந்த வருஷக் கடைசியில் கம்பெனிக்கும் காசு தீர ஆரம்பித்தது. பதினைந்து மாதம் தேடியும் எழுதிக் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. டிசம்பரில் ஓங் தம்பியிடம் சொன்னார்: சீனப் புத்தாண்டுக்குள் ஏதாவது உருப்படியாகக் கிடைத்தால் முகாம் இருக்கும், உன்னை உதவியாளராக நிரந்தரமாக எடுக்க நானே கடிதம் எழுதுகிறேன், கிடைக்காவிட்டால் எல்லாரும் வீட்டுக்கு. நிரந்தரம் என்றால் பயிற்சிக்கு ஈப்போ அனுப்புவார்கள். இல்லை என்றால் மருந்துத் தொட்டி. சீனப் புத்தாண்டு 1981 பிப்ரவரி 5.

ஜனவரியில் ஓங் ஏதோ கூட்டத்துக்காக ஈப்போ போயிருந்தார். தம்பி, காட்டுப் பூர்வகுடியான ஓர் அஸ்லிக் கூட்டாளியோடு, யாரும் ஏறாத ஒரு சின்ன ஓடையில் மேலே ஏறியிருக்கிறான். தண்ணீரில் கிடந்த துருப்பிடித்த வெங்கச்சங்கல்லைப் பார்த்து, அது எங்கிருந்து உருண்டு வந்தது என்று ஒவ்வொரு வளைவாகத் தேடிப் போயிருக்கிறான். நான்காவது வளைவில் கரை சரிந்த இடத்தில், கறுப்புக் கல்லுக்கு நடுவே மூன்று சாண் அகலத்துக்கு அந்தக் கல் ஓடியது. பழுப்பும் சிவப்புமாக, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, தொட்டால் உதிர்ந்தது. ஓங் சொல்லிக்கொடுத்தபடியே குறுக்காக வெட்டினான். அந்த அகலத்தை ஐந்து பங்காகப் பிரித்து, தனித்தனியாக ஐந்து மூட்டை. ஒவ்வொன்றிலும் சீட்டு. சீட்டில் எண், இடம், ‘பத்து கிலோ’.

இரண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் நடந்தார்கள். தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை, ஜனவரி 24, மத்தியானம் என் வீட்டு வாசலில் தம்பி வந்து நின்றான். நின்றான் என்று சொல்ல முடியாது. நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். காலெல்லாம் அட்டை கடித்த இரத்தம், உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது.

“அக்கா, திங்கக்கெழம பாய் கடையில வந்து நிக்கிற ஈப்போ லாரியில ஏத்தணும். ஈப்போ ஆபீஸ் அட்ரஸு சீட்டுல இருக்கு. மழையில நனையாம வையி.”

“வச்சுடுறேன். நீ படு.”

“அக்கா, கெடைச்சிருச்சு” என்றான். அவ்வளவுதான். அப்படியே படுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நனைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மூட்டையை அவிழ்த்தேன். சேறு. மஞ்சளும் சிவப்புமாகக் களி. அதற்குள் பாதி மக்கிப்போன கல், அமுக்கினால் விரலில் பொடியாக ஒட்டியது. இதையா கம்பெனிக்கு அனுப்புவது? அவன் காய்ச்சலில் வந்திருக்கிறான், கழுவ நேரமில்லை, பாவம். கழுவித்தானே தங்கம் எடுக்கிறார்கள்? ஒன்றரை வருஷமாக அவன் செய்வது கழுவுகிற வேலைதானே? நான் என் கண்ணால் பார்த்தேனே.

குழாயடிக்கு ஒவ்வொரு மூட்டையாகக் கொண்டுபோனேன். தேங்காய் நாரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டேன். ஓட்டைக்குள் இருந்த துருவைக் குச்சியால் நோண்டி எடுத்தேன். பொடிந்து போகிற கல்லை முற்றல் இலை மாதிரி ஒதுக்கிவிட்டேன். கெட்டியான வெள்ளைக் கல்லாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒரு மூட்டையின் கல் இன்னொன்றில் கலக்காமல், சீட்டைக் கல்லுக்கடியில் வைத்துக்கொண்டு, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவள் எழுந்தபோது மணி மூன்று. கால்வாயில் அத்தனை நேரமும் செங்காவித் தண்ணீர் ஓடியது.

பக்கத்து வீட்டுச் சாரதா துணியோடு வந்து குழாய்க்குக் காத்துக்கொண்டிருந்தாள். “ஏன்க்கா, சோப்பு போடலையா?”

“உன் வாயை மூடிக்கிட்டு அந்த வாளியை நகர்த்து.”

“இல்ல, பொண்ணு பாக்க வராங்களோன்னு கேட்டேன்.”

ஒதுக்கிய களியையும் பொடிக் கல்லையும் வாளியில் அள்ளி, வீட்டுக்குப் பின்னால் சௌசௌ கொடிக்கு அடியில் சாணத்தோடு சேர்த்துக் கொட்டினேன். கல்லை அடுப்புப் பக்கத்தில் உலர்த்தினேன். மறுபடி கட்டியபோது பத்து கிலோ மூட்டை ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதையும் யோசித்தேன். கிராணி கழிப்பதை நாமே கழித்து அனுப்பினால் மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் அவனைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் காய்கறி லாரியில் மூட்டைகளோடு பிரிஞ்சாங் போய், அபூபக்கர் பாய் கையில் ஒப்படைத்தேன். பாய் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். “கல்லா இது? அரிசி மாதிரி சுத்தமா இருக்கே.” அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

தம்பி பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீட்டுக்கு வந்தபோது சீனப் புத்தாண்டு முடிந்திருந்தது. முகாமில் இருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஆனால் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. மூட்டைகளின் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். தினமும் போஸ்ட்மேனைப் பார்க்கக் கீழே இறங்கினான். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. ஓங்கின் லேண்ட்ரோவர் லயத்து முன்னால் வந்து நின்றது. கையில் ஒரு கடிதமும், ஆராய்ச்சிக்கூடத்தில் அரைத்தது போக மிச்சம் வைத்திருந்த ஒரு மூட்டையும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கலக்கினேன். அவர்கள் பேசியது மலாயில், எனக்கும் மலாய் தெரியும்.

“லிங்கம், இந்தக் கல்லை எங்கே எடுத்தாய்?”

“எழுதியிருக்கிறேனே பாஸ். கரையில் வெட்டி எடுத்தேன். மூன்று சாண் அகலம்.”

“ஐந்து மூட்டையிலும் ஒன்றுமில்லை. இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அளவுக்குத்தான். அதை விடு. வெட்டி எடுத்த கல் இப்படியா இருக்கும்? ஆற்றில் கிடந்த கல் மாதிரி இருக்கிறது. சீட்டில் பத்து கிலோ, நிறுத்தால் ஆறு. வேலை போய்விடும் என்று ஆற்றில் பொறுக்கிப் போட்டுவிட்டாயா?”

“கூட வந்த அஸ்லிக்காரரைக் கேளுங்கள் பாஸ்.”

“நான் அவரைக் கேட்க வரவில்லை. உன்னைக் கேட்கிறேன். ஒரு பொட்டு மண் இல்லை. இவ்வளவு சுத்தமாக எப்படி வரும்?”

எனக்குச் சுத்தம் என்ற அந்த வார்த்தைதான் மனதில் ஏறியது. தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றேன்.

“நான்தான் கழுவினேன்” என்றேன். “நன்றாகத் தேய்த்துத்தான் அனுப்பினேன்.” சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

ஓங் கண்ணாடியைக் கழற்றினார். தம்பி என்னைப் பார்க்கவில்லை, தட்டில் இருந்த கிளாஸைப் பார்த்தான். பிறகு தமிழில் கேட்டான்.

“அஞ்சு மூட்டையுமா அக்கா?”

“அஞ்சும்தான். நம்பர் மாறாம.”

பிறகு அவன்தான் எனக்குச் சொன்னான், குரலை ஏற்றாமல், பூகோளம் சொல்கிற மாதிரியே. மேல்மட்டத்தில் கல் மக்கும்போது தங்கம் அந்தத் துருவிலும் களியிலும்தான் பொடிப் பொடியாகத் தங்கும். கெட்டி வெள்ளைக் கல்லில் அவ்வளவாக இருக்காது. டூலாங்கில் கழுவுவது ஓடை மணலை. வெட்டி எடுத்த கல்லைக் கழுவவே கூடாது. வெட்டியபடி, சேறோடு, உதிர்ந்ததோடு போக வேண்டும். ஒன்றரை வருஷத்தில் அவன் எனக்கு எவ்வளவோ சொன்னான். இது ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொன்ன நாளில் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

“அந்தச் சேறு எங்கே?” என்று ஓங் கேட்டார்.

சௌசௌ கொடிக்கு அழைத்துப் போனேன். ஆறு வாரம் மழை பெய்திருந்தது. தம்பி கையாலேயே தோண்டி ஒரு மில்க் டின் நிறைய எடுத்துக் கொடுத்தான். போகும்போது ஓங் லேண்ட்ரோவரில் ஏறிக்கொண்டே சொன்னார்: “ரிப்போர்ட் போன வாரமே போய்விட்டது. திரும்ப வாங்க வேண்டும் என்றால் காரணம் எழுத வேண்டும். நான் என்ன எழுதுவேன்? உதவியாளரின் அக்கா கழுவிவிட்டார் என்றா?”

ஏப்ரலில் டின்னின் முடிவு வந்தது. தங்கம் இருந்தது. நன்றாகவே இருந்தது என்று ஓங் ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார். ஆனால் ஐந்து மூட்டையும் கலந்த களி, சாணம், அடுப்புச் சாம்பல், லயத்து மண். எங்கே எடுத்தது, எத்தனை அகலத்தில் எடுத்தது என்று எதையும் சொல்ல முடியாது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. தங்க விலையும் அதற்குள் பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. முகாமைப் பிரித்துவிட்டார்கள்.

விஷயம் லயத்தில் பரவியது. மூன்று நாளாக, வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாம் கால்வாயை நோண்டினார்கள். சாரதா முறத்தை எடுத்து வந்து சேற்றைப் புடைத்தாள். என் சௌசௌ கொடி வேரோடு போயிற்று. கிராணி வந்து, கால்வாயை யார் உடைத்தார்களோ அவர்களே கட்டித் தர வேண்டும் என்று சத்தம் போட்ட பிறகுதான் நின்றது.

“கெடைச்சுதா?” என்று சாரதாவைக் கேட்டேன்.

“ஒரு ஸ்பூனு, ரெண்டு பட்டன். பட்டன் உங்க வீட்டுக்காரருதுதான்க்கா, எடுத்துக்குங்க.”

தம்பி சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் அதே கூட்டாளியோடு மறுபடியும் போனான். புதிதாக வெட்டி, சேறோடு கொண்டு வந்து காட்டினால் போதும் என்று நினைத்தான். அந்தக் கரையே இல்லை. மழையில் மேல்மலை சரிந்து, ஓடை வளைவு முழுக்க மரமும் மண்ணுமாக மூடிக் கிடந்தது. நான்கு நாள் மண்வெட்டியால் தோண்டினார்கள். கறுப்புக் கல் கண்ணில் படவில்லை. திரும்பி வந்தவன் எழுத ஆரம்பித்தான். கம்பெனிக்கு, அரசாங்கத்துக்கு, வேறு கம்பெனிகளுக்கு. 1981இலிருந்து 1985 வரை பதினோரு கடிதம். இரண்டுக்குப் பதில் வந்தது, உங்கள் கடிதம் கிடைத்தது என்று மட்டும். ஓங் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். தம்பி மருந்துத் தொட்டியைத் திரும்ப முதுகில் மாட்டினான். தங்கம் கிடைத்தது என்று அவன் சொன்னால் சிரித்தார்கள். நான் கழுவினேன் என்று சொன்னால் தம்பிக்காகச் சொல்கிறேன் என்று சிரித்தார்கள். உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் போவதைவிட எரிச்சல் வேறில்லை.

அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம். ஆனால் அந்த மார்ச் மாதத்திலிருந்து தன் சட்டையை என்னிடம் துவைக்கக் கொடுப்பதில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட அவனே கழுவிவிடுவான். “நான் செய்றேன், குடுடா” என்றால், “இருக்கட்டும் அக்கா” என்பான். பதினொரு வயதிலிருந்து அவன் சட்டையைத் துவைத்தவள் நான்.

1986இல் லிப்பிஸுக்கு அப்பால் வேறொரு கம்பெனியில் தினக்கூலியாகச் சேர்ந்தான். மூட்டை தூக்கும் வேலைதான், ஆனால் கல்லோடு இருக்கிறான். அவன் கண்டுபிடித்த இடம் அந்தக் கம்பெனியின் எல்லைக்குள் வரவில்லை. அதனால் அவன் சொன்னதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம், 1988 ஆகஸ்டில், லீவு போட்டுவிட்டுத் தனியாக அந்த ஓடைக்குப் போயிருக்கிறான். ஏழு வருஷ மழை சரிவை அரித்துவிட்டதாம். ஒரு சாண் அகலத்துக்கு அந்தத் துருக் கல் மறுபடி வெளியே தெரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு மூட்டையோடு வந்தான். ஈப்போவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தன் சொந்தச் செலவில் அனுப்பப் போகிறான். லாரி திங்கட்கிழமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவன் திரும்ப வேலைக்குப் போயாக வேண்டும்.

மூட்டையைச் சுவரோரம் இறக்கி வைத்தான். வாயைக் கம்பியால் தைத்திருந்தான். நான் வாரம் தோறும் சிவப்புப் பாலீஷ் போட்டுத் தேய்க்கிற சிமெண்டுத் தரையில் சேறு சொட்டியது.

“அக்கா” என்றான்.

“தொட மாட்டேன்.”

“இல்ல, பாய் கடையில குடுக்கணும்.”

“குடுக்குறேன். தொடாம எப்படிக் குடுக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்.”

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவன் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான்.

அவன் போன பிறகு மூட்டைக்கு அடியில் ஒரு தட்டை நகர்த்தி வைத்தேன். வீடு முழுக்கப் பெருக்கினேன், அந்த மூலையை விட்டுவிட்டு. திங்கட்கிழமைக்குள் தட்டில் ஒரு கைப்பிடி களி சேர்ந்திருந்தது. அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மூட்டைச் சீட்டில் இருந்த அதே எண்ணை எழுதி, இது மூட்டையிலிருந்து ஒழுகியது, வேறொன்றும் கலக்கவில்லை என்று ஒரு சீட்டும் வைத்தேன். பிரிஞ்சாங் போய் இரண்டையும் அபூபக்கர் பாயிடம் கொடுத்தேன்.

“என்னா தங்கச்சி, இந்தத் தடவை இவ்வளவு அழுக்கு?”

“அப்படியே போவட்டும் பாய்.”

“முட்டைக்கோஸ் பக்கத்துல வைக்கணுமே. கொஞ்சம் தொடச்சுக் குடுக்கக் கூடாதா?”

“தொடச்சீங்கன்னா நான் இந்தக் கடைக்கு வரமாட்டேன்.”

பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முடிவு வர நாற்பது நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இன்றோடு ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டேன், வரிசையில் இருக்கிறது என்கிறார்கள். மூட்டை இருந்த இடத்தில் தரையில் செங்காவி நிறத்தில் ஒரு வட்டம் படிந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், நீலாவதி வீட்டிலா இப்படி ஒரு கறை என்று கேட்கிறார்கள். பதில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன். அதுவரை அந்த இடத்தை நான் கழுவப் போவதில்லை.